முகம் மலரப் படம் பிடிப்போம்

(பத்தாம் வகுப்பு மாணவி, குத்துக்கல்வலசை)



“கொஞ்சம் சிரிங்க” என்று யாராவது சொன்ன உடனே உங்களுக்குச் சிரிப்பு வருமா? எங்களுக்கு வராது. உதடு இரண்டு பக்கமும் இழுபடும், பல் தெரியும், கண் மட்டும் கணக்குப் பரீட்சைத் தாளைப் பார்ப்பது போலவே இருக்கும். ஏதாவது ஒரு கலியாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மேடையில் மணமக்களுக்குப் பக்கத்தில் நிற்கும் மாமாவும் சித்தியும் பெரியப்பாவும், நாம் வீட்டில் அறிந்த அதே மாமாவும் சித்தியும் பெரியப்பாவும் தாமா என்று ஐயம் வரும். பந்தியில் அத்தனை பேரையும் சிரிக்க வைத்த மாமா, கேமராவைக் கண்டதும் தூண் போல் நிற்கிறார்.

இது ஏன் என்று இந்த ஆண்டு கொஞ்சம் படித்துப் பார்த்தோம். படித்ததோடு நில்லாமல், சாரல் காலத்தில் எங்கள் வகுப்பு மாணவியர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்த பெண் ஒருவரைப் படம் எடுத்து வருவது என்று தீர்மானித்தோம். வீட்டில் உள்ள செல்போனே போதும். விலை உயர்ந்த கேமரா யாரிடமும் இல்லை.

மூத்த பெண்களை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்பீர்கள். குத்துக்கல்வலசையிலும் தென்காசியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலும் பல ஆச்சிமாருக்குத் தனிப்படம் என்று ஒன்று கிடையாது. வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை, பீடித் தொழிலாளர் அட்டை ஆகியவற்றில் இருக்கும் தபால்தலை அளவுப் படம்தான் உண்டு. ஆச்சி காலமான பிறகு, மாலை போடப் படம் வேண்டுமே என்று அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். கடைக்காரர் அதைப் பெரிதாக்கி, பின்னால் நீல நிறம் பூசி, முகத்தையும் நாலு மடங்கு வெளுப்பாக்கிக் கொடுப்பார். வரிசையில் நின்று களைத்து, “ஆடாம இங்க பாருங்க” என்ற அதட்டலுக்கு மிரண்டு போன ஒரு நொடியின் முகம் அது. பேரப்பிள்ளைகள் அதைத்தான் காலமெல்லாம் கும்பிட வேண்டும். இது எங்களுக்குச் சம்மதமாக இல்லை.

அந்தக் காலத்தில் ஏன் யாரும் சிரிக்கவில்லை?

பழைய படங்களில் காணும் விறைப்புக்குக் காரணம், முதலில், விஞ்ஞானம். பிரான்சு நாட்டு டாகேர் என்பவரின் முறை 1839ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த வெள்ளித் தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. அதே ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் கொர்னீலியஸ் என்பவர் தம்மைத்தாமே படம் எடுத்துக்கொண்டபோது, பத்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருக்க வேண்டியதாயிற்று என்பார்கள். பத்து நிமிடம் சிரித்த முகத்தோடு இருக்க யாரால் ஆகும்? நீங்களே கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சிரித்துப் பாருங்கள். கன்னம் வலி எடுத்துவிடும்.

பின்னர் நேரம் சில நொடிகளாகக் குறைந்தது. அப்போதும் தலை ஆடக்கூடாது என்பதற்காக, பின்னால் ஓர் இரும்புத் தாங்கி வைத்துப் பிடரியை அதில் பொருத்தினார்கள். நின்றிருப்பவரின் காலடிக்குப் பின்னால் அந்தத் தாங்கியின் அடிப்பாகம் தெரியும் படங்கள் இன்றும் உண்டு. சென்னையில் 1850களிலேயே புகைப்படக் கழகம் தொடங்கிவிட்டார்கள். ஆகவே நம் நாட்டாரும் உலகத்தோடு ஒத்தே விறைத்திருக்கிறார்கள் எனலாம்!

இலங்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சி எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர். நாற்பத்தெட்டாம் வயதில்தான் அவர் கையில் முதன்முதலாகக் கேமரா கிடைத்தது. (நம் அம்மாமார் கவனிக்க!) அவர் கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் அங்கே குடியேறினர். களுத்துறையில் இருந்தபோது, உலகம் சுற்றி மரஞ்செடிகளை ஓவியமாகத் தீட்டிவந்த மரியான் நார்த் என்ற பெண்மணி 1877இல் விருந்தாளியாக வந்தார். கேமரன் அம்மையாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. விருந்தாளியின் கூந்தலை அவிழ்த்துவிட்டு, சால்வைகளைப் போர்த்தி, தென்னோலைகள் தலையில் குத்தும்படி நிறுத்தி, உச்சி வெயிலில், இயல்பாக இருக்கும்படி கட்டளையிட்டாராம். அப்போது வெப்பமானி காட்டியது 96 டிகிரி! பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள் செலவாகியும் படம் சரியாக வரவில்லை என்று நார்த் அம்மையாரே பின்னர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

அவ்வளவு பெரிய கலைஞருக்கே கட்டளையால் இயல்பை வரவழைக்க முடியவில்லை. மற்றவர்கள் எம்மாத்திரம்? கலியாண மேடையில் “நேச்சுரலா நில்லுங்க சார்” என்று கூவும் அண்ணாச்சிமாரை நினைத்துக்கொண்டோம்.

ஒன்றும் சொல்ல வேண்டும். பழைய படங்களின் விறைப்பு முழுவதும் இயந்திரத்தால் வந்ததல்ல. கேமராவின் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்காகக் குறைந்த பிறகும் நம் தாத்தாமார் நிமிர்ந்து, கை முட்டியில் பதித்து, முகத்தை இறுக்கித்தான் உட்கார்ந்தார்கள். காசு செலவழித்து, உடுப்பு மாற்றி, ஸ்டுடியோவுக்குப் போவது வாழ்நாளில் ஓரிரு முறைதான். அங்கே பல்லைக் காட்டுவது மரியாதைக் குறைவு என்று எண்ணினார்கள். அது அவர்கள் தேர்ந்துகொண்ட தோற்றம். அதை நாம் குறை சொல்லத் தேவையில்லை. அச்சத்தால் வரும் விறைப்பு வேறு, கண்ணியத்துக்காக நிமிர்வது வேறு. படம் எடுப்பவர் இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

சிரிப்பில் இரண்டு வகை

டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தின் தசைகளில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, எந்தத் தசை எந்த உணர்ச்சியைக் காட்டுகிறது என்று ஆராய்ந்து, 1862இல் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். உதட்டின் ஓரத்தை மேலே இழுக்கும் தசை நம் சொல்லுக்குக் கட்டுப்படும். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ அவ்வளவு எளிதில் கட்டுப்படாது. மனத்தில் மகிழ்ச்சி வந்தால்தான் அது சுருங்கும் என்று கண்டார். டார்வின் 1872இல் உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் டுஷேனின் படங்களையும் பயன்படுத்திக்கொண்டார்.

இதை அறிந்தபின் எங்களுக்கு ஒன்று விளங்கியது. “சிரிங்க” என்ற கட்டளை உதட்டுக்கு மட்டுமே போய்ச் சேருகிறது. கண் வரை போகாது. கண்ணும் சிரிக்க வேண்டுமானால் சிரிக்க ஏதாவது காரணம் வேண்டும்.

இன்னொரு செய்தி நம்மைப் போன்ற பெண்களுக்கு ஆறுதல் தரும். “போட்டோவில் நான் மட்டும் ஏன் இப்படி இருக்கிறேன்?” என்று அலுத்துக்கொள்ளாதவர் நம்மில் யார்? கண்ணாடியில் நாம் பார்க்கும் முகம் இடம் வலமாக மாறியது. நம் வகிடு, நம் மூக்குத்தி எல்லாம் அங்கே எதிர்ப்பக்கம் இருக்கும். அந்த முகமே நமக்குப் பழகியது. 1977இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், பெண்களிடம் அவர்களுடைய படத்தையே இரண்டு விதமாக, நேராகவும் இடம் வலம் மாற்றியும் காட்டினார்கள். அந்தப் பெண்களுள் பெரும்பாலோர் கண்ணாடித் தோற்றத்தை விரும்பினர். அவர்களுடைய தோழியரோ நேரான படமே நன்றாயிருப்பதாகக் கூறினர். எனவே, உங்கள் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதனால் அது கெட்ட படம் ஆகிவிடாது. தோழியிடம் காட்டிக் கேளுங்கள்.

செல்போன் செய்யும் கோலம் ஒன்றும் உண்டு. முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்து எடுத்தால், மூக்கு கேமராவுக்கு அருகிலும் காது தொலைவிலும் இருப்பதால் மூக்கு பெருத்துத் தெரியும். ஐந்து ஆறு அடி தள்ளி நின்று, போனில் உள்ள இரண்டு மடங்கு அளவை வைத்து எடுத்தால் முகம் முகமாக இருக்கும். தள்ளி நிற்பதில் இன்னொரு லாபம்: எதிரில் இருப்பவருக்கு மூச்சு முட்டாது.

கைக்கு வேலை கொடுங்கள்

இனி எங்கள் அனுபவத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் பீடி சுற்றாத தெரு அபூர்வம். மடியில் சொளகு, அதில் இலையும் தூளும், கத்தரிக்கோல், நூல். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால் கை தானாக ஓடிக்கொண்டிருக்கும், வாயும் ஓடிக்கொண்டிருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆகையால் அவர்களுக்குப் படத்துக்கென்று உட்கார நேரமும் இல்லை.

இப்படிப்பட்ட ஓர் ஆச்சியிடம் நாங்கள் நாலு பேர் போனோம். அவர் எங்களில் ஒருத்திக்கு அடுத்த வீடு.

“என்னத்துக்குட்டி இப்ப போட்டா? எனக்கென்ன கலியாணமா?” என்றார் ஆச்சி.

“சும்மாதான் ஆச்சி. பள்ளிக்கூடத்துல எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கு.”

“இந்த மூஞ்சியப் போயி எடுக்கப் போறியளாக்கும்? போட்டா புடிச்சா ஆயுசு கொறையுமுன்னு எங்க அம்ம சொல்லுவா.”

“ஒங்களுக்கு இப்ப என்ன வயசு ஆச்சி?”

“எழுவத்தாறோ ஏழோ.”

“அப்பம் இனி எங்க கொறைய?”

ஆச்சி சிரித்த சிரிப்பில் சொளகு ஆடியது. அந்த நேரம் யார் கையிலும் போன் இல்லை, பையில் இருந்தது. அன்று எடுக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். முதல் நாள் பேச்சு மட்டும். பீடி சுற்ற எப்போது கற்றார், யார் கற்றுக் கொடுத்தார், இலையை நனைக்கும் பதம் எப்படி என்றெல்லாம் கேட்டோம். கேட்டதற்குப் பதில் சொல்லும்போது அவர் முகம் எப்படியெல்லாம் மாறுகிறது, தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் போனை வெளியே எடுத்து, சொளகுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டோம். ஆச்சி அதை ஓரிரு முறை ஓரக்கண்ணால் பார்த்தார், அப்புறம் மறந்துவிட்டார். அதன் பிறகே எடுக்கத் தொடங்கினோம். எடுத்தவள் நிற்கவில்லை; ஆச்சிக்குச் சமமாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மேலேயிருந்து எடுத்தால் எந்தப் பெரியவரும் சிறுபிள்ளை போலத் தெரிவார், கண்ணையும் உயர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும். பேச்சுக் கொடுக்க ஒருத்தி, படம் எடுக்க ஒருத்தி. பேசுகிறவள் போனுக்குச் சற்றுப் பக்கத்தில் உட்கார்ந்தால், ஆச்சியின் பார்வை தானே அங்கே வரும். இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு என்று எண்ணிக் கட்டும்போது ஆச்சியின் உதடு ஓசையில்லாமல் எண்ணியது. எண்ணி முடித்து நிமிர்ந்து, “எத்தனட்டி சொன்னேன்?” என்று எங்களைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைதான் எங்கள் படம்.

கைக்கு வேலை இருந்தால் முகம் இளகும் என்பதை இங்கே கண்டோம். படத்துக்கு நிற்பவர்களுக்கு முகத்தைவிடப் பெரிய தொல்லை கைகள்தாம். எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் கோத்துக்கொள்வார்கள், முந்தானையைத் திருகுவார்கள். அவர்களிடம் “கையை இப்படி வைங்க” என்று சொன்னால் கை மரக்கட்டை ஆகிவிடும். வேலையைக் கொடுங்கள். பூக் கட்டலாம், கீரை ஆயலாம், காப்பி டம்ளரைப் பிடித்துக்கொள்ளலாம், பேரனின் தலையைக் கோதலாம். எங்கள் வகுப்பில் ஒருத்தி தன் அத்தையைத் தையல் இயந்திரத்தில் நூல் கோக்கும்போது எடுத்தாள். ஊசிக் காதைப் பார்க்கும் கண்ணில் இருந்த கூர்மை, அத்தை நின்று எடுத்த எந்தப் படத்திலும் இல்லை.

ஆனால் ஆச்சியின் கதை இதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் அவரே சொன்னார்: “சொளகும் கையுமா எடுத்தத யாருட்டி பாப்பா? நல்லா ஒண்ணு எடுங்க.” உள்ளே போய்ப் பச்சைப் பட்டு உடுத்தி, நீறு பூசி, நாற்காலியைத் திண்ணையில் போடச் சொல்லி, முட்டியில் கை பதித்து நேராக உட்கார்ந்தார். அதே தாத்தா காலத்து இருப்பு. எங்களில் ஒருத்தி, “ஆச்சி, கொஞ்சம் இளகி இருங்களேன்” என்று மெல்லச் சொன்னாள். “இப்படித்தாண்டி இருக்கணும்” என்றார். அப்படியே எடுத்தோம்.

இரண்டு படங்களையும் அச்சிட்டுக் கொண்டு போய்க் கொடுத்தபோது, சுவரில் மாட்ட அவர் தேர்ந்தது பட்டுச் சேலைப் படத்தை. பீடிப் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, சென்னையில் இருக்கும் மகளுக்கு அனுப்பச் சொன்னார். “அவளுக்குத்தான் இந்த மூஞ்சி தெரியும்” என்றார்.

இதைப் பற்றி வகுப்பில் பெரிய வாதம் நடந்தது. பீடிப் படமே உயர்ந்தது, ஆச்சிக்கு அது விளங்கவில்லை என்றது ஒரு கட்சி. தன் முகம் ஊருக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்ய ஆச்சிக்கு உரிமை உண்டு என்றது மறு கட்சி. நாங்கள் இரண்டாம் கட்சியில் சேர்ந்தோம். பட்டுச் சேலைப் படத்திலும் விறைப்பு இருந்தது, மிரட்சி இல்லை. மூன்று நாள் பேசிப் பழகிய பிள்ளைகளின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். அது கண்ணில் தெரிகிறது. அட்டையில் உள்ள படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

சொல்லக் கூடாத சொற்கள்

படம் எடுக்கும்போது நாம் சொல்லும் சில சொற்கள் எதிரில் இருப்பவரைக் கல்லாக்கிவிடும். “பல் தெரியுது, வாய மூடு.” “கறுப்பா விழுது, வெளிச்சத்துக்கு வா.” “குண்டா தெரியுற, திரும்பு.” “ஏன் இப்படி மொறைக்கே?” சொல்கிறவர் மறந்துவிடுவார், கேட்டவள் மறக்க மாட்டாள். நம்மில் எத்தனை பேர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறோம்! எப்போதோ யாரோ பல்லைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அதனால் எங்கள் வகுப்பில் ஒரு விதி செய்தோம். உடம்பையோ நிறத்தையோ பற்றி ஒரு சொல்லும் கூடாது. மாற்றம் வேண்டுமானால் இடத்தையும் வெளிச்சத்தையும் குறை சொல்லலாம். “இங்க வெளிச்சம் சரியில்ல அக்கா, இந்தப் பக்கம் வாங்க” என்று சொல்வதில் யாருக்கும் வருத்தமில்லை. நிறத்தை வெளுப்பாக்கும் வசதிகள் போனிலேயே இருக்கின்றன. அவற்றை அணைத்துவிட்டே எடுத்தோம். தன் நிறத்தை மாற்றித் தந்த படத்தைப் பார்த்து, அடுத்த முறை கேமரா முன் எந்தப் பெண் நிம்மதியாக நிற்பாள்?

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நமக்குக் குற்றால மலை அளித்த கொடை ஒன்று உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்றும் மேகமும் வந்து, தென்காசி முழுவதும் வெயில் தணிந்து சாரல் தூவும். மேகம் ஒரு பெரிய வெள்ளைத் திரை போல் வெளிச்சத்தைப் பரப்பிவிடுவதால் முகத்தில் கறுப்பு நிழல் விழாது, கண் கூசாது. ஸ்டுடியோக்காரர்கள் குடை விளக்கு வைத்துச் செய்வதை நமக்கு வானமே செய்கிறது. அருவியில் குளிக்க வரும் கூட்டம் எல்லாம் தண்ணீரைத்தான் பார்க்கிறது. வெளிச்சத்தை யாரும் பாராட்டுவதாகத் தெரியவில்லை! தொல்லை என்னவென்றால் காற்று. தலைமுடியும் முந்தானையும் நில்லா. வீட்டுச் சுவர் காற்றை மறைக்கும் பக்கமாக உட்கார வைத்தால் போதும். சாரல் இல்லாத மாதங்களில் திண்ணை நிழலே நல்லது: முகம் தெருவை நோக்கியிருக்க, முதுகு வீட்டுப் பக்கம். உச்சி வெயிலில் யாரையும் நிறுத்தாதீர்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எவரும் இயல்பாக இருக்க முடியாது என்பதற்குக் களுத்துறையே சாட்சி.

நின்றுதான் எடுக்க வேண்டுமென்றால், உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, பாரத்தை ஒரு காலில் ஊன்றச் சொல்லலாம். தோள் தானே இறங்கும். தோள் இறங்காதவர்களிடம், மூச்சை நன்றாக இழுத்து மெதுவாக விடச் சொல்லுங்கள். விட்டு முடிக்கும் நேரத்தில் எடுங்கள். இது பரீட்சை நுழைவுச்சீட்டுக்கு எடுக்கும் சிறு படத்துக்கும் உதவும். அங்கே சிரிக்கத் தேவையில்லை, ஆனால் திருடியைப் போல் தெரியவும் தேவையில்லை அல்லவா?

வகுப்புக் குழுப்படத்துக்கு ஒரே ஒரு குறிப்பு. எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று எண்ணியதும் திறக்க வேண்டும். திறந்த உடன் எடுக்க வேண்டும். பாதிப் பேர் கண் மூடியிருக்கும் தொல்லை பெரும்பாலும் தீரும். கண்ணை மூடி நிற்கும்போது பக்கத்தில் நிற்பவள் கிள்ளுவாள், அதனால் சிரிப்பும் இலவசம்.

எடுப்பவர் யார்?

இவ்வளவு தந்திரம் தெரிந்தாலும், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. ராஜா தீன் தயாள் என்ற புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர் ஐதராபாத்தில் நிஜாமிடம் பணியாற்றினார். அந்த ஊர்ச் செல்வர் வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள். ஆண் ஒருவர் முன் அவர்கள் முகம் காட்ட மாட்டார்கள். ஆகவே அவர் 1892இல் பெண்களுக்கென்றே உயர்ந்த மதில் சூழ்ந்த ஒரு தனி ஸ்டுடியோவை ஏற்படுத்தி, ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். அங்கே வந்தவர்கள் திரை விலக்கி அமர முடிந்தது. இன்று அந்த மதில் தேவையில்லை. ஆனாலும் அன்னிய ஆள் ஒருவர் தாடையைத் தொட்டுத் திருப்பும்போது கூசிப் போகாத பெண் உண்டா? யாரையும் தொடாமல், “இப்படி” என்று நம் தலையையே திருப்பிக் காட்டினால் அவர்களும் அப்படியே திரும்புவார்கள்.

தொழில் செய்பவர்கள் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. “முடிஞ்சுது” என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் மூச்சு விட்டுத் தோளைத் தளர்த்துவார். அந்த நொடியில் இன்னொன்று எடுத்துவிடுவது. மெய்யாகவே படம் அழகாக வருகிறது. ஆனால் முடிந்தது என்று சொல்லிவிட்டு எடுப்பது பொய்யல்லவா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். கேள்வி நியாயமானது. ஆகவே, எடுத்த உடனே, “இதையும் எடுத்தோம், இருக்கட்டுமா, அழித்துவிடவா?” என்று காட்டிக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். ஓர் அத்தை அழிக்கச் சொன்னார், அழித்தோம். மிக நல்ல படம் அது. இன்றும் எங்களுக்கு மனக்குறைதான். ஆனால் அப்படிக் கேட்டதனால், அதற்குப் பின் அந்த அத்தை எங்கள் முன் துளியும் தயங்கவில்லை. அவரே தம் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அனுமதி இல்லாமல் எவர் படத்தையும் போனில் பலருக்கும் அனுப்புவது இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். “ஊரு பூரா அனுப்பிருவியளோ?” என்பதே பல பெண்களின் முதல் பயம். அந்தப் பயம் போகாமல் முகம் மலராது.

கேமரன் அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் தோட்டங்களில் பாடுபட்டவர்களும் இருக்கிறார்கள், தமிழரும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் பதியப்படவில்லை. முகம் இருக்கிறது, யாரென்று கேட்க வழியில்லை. அதனால் இறுதியாக ஒரு வேலை செய்தோம். போனில் இருக்கும் படம் போனோடு போய்விடும் என்பதால், முப்பத்திரண்டு படங்களையும் தென்காசியில் கொடுத்து அச்சிட்டு வாங்கி, ஒவ்வொன்றின் பின்புறமும் படத்தில் இருப்பவரின் பெயர், அவருடைய அம்மாவின் பெயர், ஊர், எடுத்த ஆண்டு ஆகியவற்றை எழுதினோம். அம்மாவின் பெயரைக் கேட்டபோது பல ஆச்சிமார் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். ஐந்து பேர், தங்கள் அம்மாவுக்குப் படமே இல்லை என்றார்கள். பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தோம்.